பத்து நாள் துறவு

வாடகைக்கு வீடு பார்க்கிறவர்கள் என்னென்ன கேட்பார்கள் என்று நம் எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் தாராளமாக வருமா? ரயிலடி எவ்வளவு தூரம்? குளிக்கும் அறை தனியா, பொதுவா? வீட்டுக்காரர் எப்படிப்பட்ட மனிதர்? சில வருஷங்களாக இதே கேள்விகளை, ஏறக்குறைய இதே வரிசையில், ஆசிரமங்களைப் பற்றியும் ஜனங்கள் கேட்கிறார்கள். நான் கதை எழுதுகிறவன், நாலு ஊர் சுற்றுகிறவன் என்பதால் எனக்கு இந்த விவரமெல்லாம் தெரிந்திருக்கும் என்று ஒரு நம்பிக்கை. “பத்து நாள் எங்கேயாவது அமைதியாக இருந்துவிட்டு வரலாம் என்று பார்க்கிறேன். எந்த ஆசிரமம் நன்றாக இருக்கும்?” என்று மயிலாப்பூரிலோ மாம்பலத்திலோ அடையாற்றிலோ யாராவது என்னிடம் கேட்காமல் ஒரு மாதம் கழிவதில்லை.

இந்தக் கேள்விகளை நான் பரிகாசம் செய்வதாக நினைக்கக் கூடாது. முழங்கால் வலிக்காரருக்கு மாடியில் அறை கொடுத்துவிட்டால் அவர் பத்து நாளும் முழங்காலைத்தான் தியானம் செய்துகொண்டிருப்பார். சர்க்கரை வியாதிக்காரருக்குச் சாப்பாட்டு மணி எத்தனை மணிக்கு அடிக்கும் என்பது அற்ப விஷயம் அல்ல. உடம்பை வீட்டில் பூட்டி வைத்துவிட்டு ஆத்மாவை மட்டும் ரயிலேற்றி அனுப்பும் வித்தையை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஆகவே தண்ணீரையும் சாப்பாட்டையும் விசாரிக்கட்டும். ஆனால், வீடு பார்க்கிறவர் கேட்க வேண்டியிராத ஒரு கேள்வி ஆசிரமம் பார்க்கிறவருக்கு உண்டு. அதை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

தியாகராய நகரில், பனகல் பூங்காவுக்குச் சற்றுத் தள்ளி, எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். என்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் ஒழுங்காகச் செய்கிறவர். அவர் கணக்கு நோட்டு ஒன்றில் கோடு போட்டு ஆசிரமங்களுக்கு ஓர் அட்டவணை தயாரித்திருந்தார். திருவண்ணாமலை ரமணாசிரமம், 1926 முதல் நடந்துவரும் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமம், 1931இல் சுவாமி ராமதாஸர் காஞ்ஞங்காட்டில் ஏற்படுத்திய ஆனந்தாசிரமம், 1942இல் சித்பவானந்தர் திருப்பராய்த்துறையில் காவேரிக் கரையில் தொடங்கிய தபோவனம், நம் பத்தமடையில் பிறந்து மலாயாவில் வைத்தியம் பார்த்துவிட்டுத் துறவு பூண்ட சிவானந்தரின் ரிஷிகேசத்து ஆசிரமம். ஒவ்வொன்றுக்கும் சாப்பாடு, சுத்தம், சத்தம், புத்தகசாலை, தட்பவெப்பம் என்று கட்டங்கள். கட்டந்தோறும் பத்துக்கு இத்தனை என்று மார்க்கு. கடைசியில் கூட்டுத்தொகை. ரிஷிகேசம் இரண்டு மார்க்கு வித்தியாசத்தில் முதலாவதாக வந்திருந்தது.

“சார், போகிற காரணம் என்ன?” என்று கேட்டேன்.

“தம்பியோடு பாகப்பிரிவினை வழக்கு. வக்கீல் வீட்டுக்கு நடந்து நடந்து அலுத்துப் போய்விட்டது. மனசுக்குக் கொஞ்சம் அமைதி வேண்டும்” என்றார்.

அந்தத் தம்பி அதே வீட்டில் மாடியில்தான் குடியிருக்கிறார். அண்ணனும் தம்பியும் பேசி நாலு வருஷம் ஆகிறது. நடுவில் இருப்பது ஒரு மாடிப்படி; பதினேழு படிகள். அதை ஏற முடியாதவர் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் கங்கைக் கரைக்குப் போகத் தயாராக இருந்தார். போகவும் போனார். திரும்பி வந்தபோது முகம் தெளிவாக இருந்தது, நானே பார்த்தேன். அந்தத் தெளிவு, வாசலில் தம்பி மகனின் மோட்டார் சைக்கிள் தம் வண்டி நிற்கிற இடத்தில் நிறுத்தப்பட்டிருந்ததைக் கண்ட சாயங்காலம் வரை இருந்தது.

அவர் ஏமாற்றுக்காரர் அல்ல. கங்கைக் கரையில் அவர் அடைந்த அமைதி பொய்யும் அல்ல. அது அவருடையதல்ல என்பதுதான் கஷ்டம். அந்த இடம் கொஞ்ச நாளைக்குக் கைமாற்றாகக் கொடுத்திருந்தது. கைமாற்று வாங்கினது திரும்பிப் போய்விட்டது.

இந்த இடத்தில் ஒருவர் என்னை மடக்கலாம். “துறவு என்றாலே விட்டுவிட்டுப் போவதுதானே? புத்தர் யசோதரையிடம் அனுமதி கேட்டுக்கொண்டா போனார்? பட்டினத்தார் கடையைக் கணக்குப் பார்த்து ஒப்படைத்துவிட்டா போனார்? குடும்பக் கடமையை முடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றால் உலகத்தில் ஒரு ஞானியாவது உண்டாகியிருப்பானா?” நியாயமான கேள்வி. இதற்குப் பதில் நம் பழைய ஏற்பாட்டிலேயே இருக்கிறது. சந்நியாசம் வாங்கிக்கொள்கிறவன் முதலில் தனக்குத் தானே சிராத்தம் செய்துகொள்கிறான். அதாவது, ஊர் அறிய இறந்துபோகிறான். இறந்தவனுக்குச் சொத்தில் பங்கு இல்லை. பழைய தர்ம சாஸ்திரமும், அதை ஒட்டி வந்த சட்டமும் அப்படித்தான் சொல்லின. அவனுக்கு வீடு இல்லை, பெயர் இல்லை, நாளைச் சாப்பாடு இன்ன இடத்தில் என்ற நிச்சயம் இல்லை. இத்தனையையும் விலையாகக் கொடுத்த பிறகுதான் கடமையிலிருந்து அவனுக்கு விடுதலை கிடைத்தது.

பத்து நாள் துறவி எதைக் கொடுக்கிறான்? பென்ஷன் முதல் தேதி பாங்கியில் விழுந்துவிடும். வீட்டுச் சாவி இடுப்பில் இருக்கிறது. திரும்புகிற டிக்கெட்டைப் போகும்போதே வாங்கி வைத்திருக்கிறான். இல்லறத்தின் சௌகரியம் ஒன்றையும் விடவில்லை. துறவியின் சலுகையை மட்டும் கேட்கிறான். கேட்கலாம், தவறில்லை, மனிதனுக்கு ஓய்வு வேண்டும். ஆனால் அந்தப் பத்து நாள் அவனுடைய பங்கு வேலை வானத்தில் தொங்கப் போவதில்லை. யாரோ ஒருவர் தலையில் இறங்கும். நான் சொன்ன கேள்வி அதுதான்: நான் அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது என் சுமையைத் தூக்கிக்கொண்டு நிற்பது யார்? அவரைக் கேட்டேனா?

இந்தக் கேள்வியை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு மாமி. மயிலாப்பூரில் கச்சேரி ரோட்டுக்குப் பின்புறம் இருக்கிற சந்துகளில் ஒன்று எங்களுடையது. மாமிக்கு அறுபது வயது கடந்துவிட்டது. மாமா வருஷாவருஷம் தை மாதத்தில் ஏதாவது ஓர் ஆசிரமத்துக்குப் போய் இரண்டு வாரம் இருந்துவிட்டு வருவார். அவருக்கு வேட்டியும் துண்டும் மடித்து, மாத்திரைகளை வேளை வாரியாகப் பொட்டலம் கட்டிக் கொடுத்தனுப்புவது மாமி. ஒரு நாள் மாமியே என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

“ஏம்பா, நீ ஊரெல்லாம் சுத்தறவனாச்சே. பொம்மனாட்டி தனியா போய்த் தங்கற மாதிரி ஆசிரமம் ஏதாவது இருக்கா?”

“இருக்கிறது மாமி. ஏன்?”

“நானும் ஒரு பத்து நாள் போய் இருந்துட்டு வரலாம்னு பார்க்கறேன். அங்கே சமையல் யார் பண்ணுவா?”

“அங்கே இருக்கிறவர்கள் பண்ணுவார்கள்.”

“நாமும் பண்ணணுமா?”

“ஆள் வேண்டும் என்று கேட்டால் பண்ணலாம். கட்டாயம் கிடையாது.”

மாமி சற்று யோசித்தார். “கேட்டா பண்றது வேற” என்றார். பிறகு, “எனக்கு ஞானமெல்லாம் வேண்டாம்பா. நாப்பது வருஷமா இந்த வீட்டிலே யாராவது என்னைக் கூப்பிடாம அரை மணி போனதில்லை. பத்து நாள் என்னை யாரும் கூப்பிடாம இருக்கணும். அவ்வளவுதான்” என்றார்.

வீட்டில் விஷயம் பிரஸ்தாபமானதும் மகன் கேட்டான்: “உனக்கு இங்கே என்னம்மா குறை?” மாமா சொன்னார்: “அமைதி வேணும்னா கபாலி கோயில் ரெண்டு தெரு தள்ளித்தானே இருக்கு? அங்கே போய் உட்காரப்படாதா?” தமக்குத் திருவண்ணாமலை வேண்டியிருந்தபோது கபாலீசுவரர் போதவில்லை என்பதை அவர் மறந்தே போனார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. தம்முடைய துறவுக்கு ஒருவர் மாத்திரை கட்டிக் கொடுக்கிறார் என்பது அவர் கண்ணில் பட்டதே இல்லை. வீட்டில் மின்சாரம் இருப்பது அது நிற்கிற வரைக்கும் நமக்குத் தெரிவதில்லை அல்லவா?

ஆனால் மாமிக்கு இன்னொரு கஷ்டமும் இருந்தது. அதை அவரே சொன்னார். மாமா போனால் வேலை மாமியின் தலையில் இறங்கும். மாமி போனால்? பழைய மகாபலிபுரம் சாலையில் ஓர் அலுவலகத்துக்குக் காலை எட்டு மணிக்குக் கிளம்பி இரவு எட்டு மணிக்குத் திரும்பும் மருமகளின் தலையில் இறங்கும். “அவளும் பொம்மனாட்டிதானே?” என்றார் மாமி. வீட்டில் இந்தக் கேள்வி எழுந்தது மாமி ஒருவருக்குத்தான்.

ரமண மகரிஷியின் வரலாற்றில் ஒரு சிறிய கணக்கு வருகிறது. அது பலருக்கும் தெரிந்ததே. ஆனாலும் இந்தக் கேள்வியோடு சேர்த்துப் பார்த்தால் அதற்கு வேறொரு முகம் தெரிகிறது. 1896ஆம் வருஷம் ஆகஸ்டு மாதக் கடைசியில், பதினாறு வயதுப் பையன் வேங்கடராமன் மதுரையில் சித்தப்பா வீட்டை விட்டுப் புறப்பட்டான். அண்ணனின் காலேஜ் சம்பளத்துக்காக ஐந்து ரூபாய் கைக்கு வந்தது. ரயில் செலவுக்கு மூன்று ரூபாய் போதும் என்று பழைய பூகோளப் படத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டு, மூன்றை எடுத்துக்கொண்டு இரண்டை வைத்தான். தன்னைத் தேட வேண்டாம் என்று எழுதிவைத்த சீட்டில், அண்ணனின் சம்பளம் இன்னும் கட்டப்படவில்லை என்பதையும், மீதி இரண்டு ரூபாய் இதோடு இருக்கிறது என்பதையும் மறக்காமல் குறிப்பிட்டான்.

உலகத்தையே விடப் போகிறவன் இரண்டு ரூபாய்க்கு ஏன் கணக்குச் சொன்னான்? அந்தப் பணம் யாருடையது என்பது அவனுக்கு நினைவிருந்தது. தன் பயணத்தால் இன்னொருவன் பாடத்துக்கு இடைஞ்சல் வரும் என்பதும் நினைவிருந்தது. எவ்வளவு எடுத்தேன், எவ்வளவு விட்டேன் என்று எழுதிவைத்துவிட்டுப் போனான். வழியில் கீழூரில் காதுக் கடுக்கனை நாலு ரூபாய்க்கு அடகு வைத்தான். மீட்டுக்கொள்வதற்காக விலாசம் எழுதிக் கொடுத்த சீட்டைச் சிறிது நேரத்துக்கெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டான். திரும்புகிற டிக்கெட்டைக் கிழித்துப் போட்ட மாதிரிதான் அது. செப்டம்பர் 1ஆம் தேதி திருவண்ணாமலை சேர்ந்தான். 1950 ஏப்ரல் 14ஆம் தேதி உயிர் பிரியும் வரை அந்த ஊரை விட்டுப் போகவே இல்லை.

அந்தக் கணக்கு அத்தோடு முடிந்துவிடவும் இல்லை. மகனைத் தேடி 1898இல் தாய் அழகம்மாள் வந்தார், கெஞ்சிப் பார்த்தார், வெறுங்கையோடு திரும்பினார். பிறகு மூத்த மகனையும் பறிகொடுத்து, 1916இல் மலைக்கே வந்து தங்கிவிட்டார். அவர் வந்த பிறகுதான் மலையில் அடுப்பு ஒழுங்காகப் புகைந்தது. பின்னால் தம்பியும் வந்து சேர்ந்தார். எந்த வீட்டை விட்டு வந்தாரோ அந்த வீடு மலை ஏறி அவரிடம் வந்துவிட்டது. 1922இல் தாய் இறந்தபோது அடிவாரத்தில் சமாதி வைத்தார்கள். அந்தச் சமாதியைச் சுற்றி எழுந்ததுதான் இன்று நாம் ரமணாசிரமம் என்று சொல்கிற இடம். நம் நாட்டின் மிகப் பெரிய துறவிகளில் ஒருவருடைய ஆசிரமம் ஒரு தாயின் சமாதிமேல் நிற்கிறது என்பதை நான் பல தடவை நினைத்துக்கொண்டதுண்டு.

அந்த ஆசிரமத்து அடுக்களையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மகரிஷி விடியற்காலையில் எழுந்து காய் நறுக்குவார், அரைப்பார், இலையில் தமக்கு மட்டும் ஒரு கரண்டி கூட விழுந்தால் ஒப்புக்கொள்ள மாட்டார். அவருடைய காலத்தில் சாந்தம்மாள், சம்பூர்ணம்மாள் முதலிய விதவைப் பெண்கள் அங்கே சமையல் செய்தார்கள். அக்காலத்தில் பெண்கள் இரவில் ஆசிரமத்துக்குள் தங்க அனுமதி கிடையாது. பொழுது சாய்ந்ததும் வெளியே போய்விட வேண்டும். ஆசிரமம் என்பதற்காக ஊர் வழக்கம் வாசலோடு நின்றுவிடுவதில்லை. இருந்தும் அந்தப் பெண்கள், அடுப்படியில் அவர் பக்கத்தில் நின்று சமைத்ததையே தங்களுக்குக் கிடைத்த உபதேசமாகச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் செய்த அதே வேலைதான். அதே குழம்பு, அதே கரண்டி. அங்கே அது சுமையாக இல்லை. அவர்கள் செய்வது ஒருவர் கண்ணில் பட்டது. உப்புக்கும் புளிக்கும் ஒருவர் பக்கத்தில் நின்று பங்கு கொண்டார். ‘கேட்டா பண்றது வேற’ என்று மாமி சொன்னதற்கு அர்த்தம் எனக்கு அங்கேதான் விளங்கியது.

சுமக்கிறவர் இல்லாமல் துறவு இல்லை என்பதற்கு மயிலாப்பூரிலேயே சாட்சி இருக்கிறது. ராமகிருஷ்ண பரமஹம்சர் 1886இல் மறைந்த பிறகு அவருடைய இளஞ் சீடர்கள் வராகநகரில் ஒரு பாழும் வீட்டில் கூடி வாழ்ந்தார்கள். விவேகானந்தர் உட்படப் பலர் அங்கிருந்து பரிவிராஜகர்களாகத் தேசம் முழுவதும் சுற்றினார்கள். சசி என்ற ஒருவர் மட்டும் நகரவில்லை. குருவின் பூஜையை ஒரு நாள் விடாமல் செய்துகொண்டு, பிக்ஷை எடுத்தாவது அரிசி கொண்டுவந்து பொங்கி, தியானத்தில் தங்களை மறந்து உட்கார்ந்திருந்த மற்றவர்களை இழுத்து வந்து சாப்பிட வைத்தார். தீர்த்த யாத்திரை போக வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. சுற்றினவர்கள் திரும்பி வருவதற்கு ஓர் இடம் இருந்தது என்றால் அது சசி இருந்ததனால்தான். 1897 மார்ச்சு மாதம், சென்னைக்கு யாரை அனுப்புவது என்று வந்தபோது விவேகானந்தர் அனுப்பியது இந்தச் சசியைத்தான். ராமகிருஷ்ணானந்தர் என்று நாம் அறிவது அவரைத்தான். மயிலாப்பூர் மடம் அவர் வைத்த விதை. நம் ஊருக்கு அனுப்பப்பட்ட அந்த ராமகிருஷ்ண மடத்துத் துறவி, அடுப்பையும் விளக்கையும் காத்தவர்.

அவர் சென்னையில் முதல் வருஷங்களைக் கழித்தது ஐஸ் ஹவுஸில். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிப்பதற்காக 1842இல் கட்டப்பட்ட கட்டிடம் அது. 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் ஒன்பது நாள் தங்கியதும் அங்கேதான். இன்று விவேகானந்தர் இல்லம் என்று பெயர். பிற்காலத்தில் சகோதரி சுப்புலட்சுமி இளம் விதவைகளுக்காக நடத்திய விடுதியும் அதே கட்டிடத்தில் இருந்தது. நான் கடற்கரைப் பக்கம் நடக்கும்போதெல்லாம் இந்த விசித்திரத்தை எண்ணிப் பார்ப்பேன். அந்தக் காலத்து விதவைப் பெண்ணுக்குத் தனிமை தாராளமாகவே கிடைத்தது. தலையை மழித்து, வெள்ளையை உடுத்தி, இருட்டறையில் உட்கார வைத்து, ஒரு வேளைச் சாப்பாடு போட்டார்கள். துறவியின் லட்சணம் ஒன்றுகூடக் குறையவில்லை. அவளைக் கேட்கவில்லை என்ற ஒரே குறைதான். தானாக ஏற்றுக்கொண்டால் துறவு. பிறர் ஏற்றிவைத்தால் தண்டனை. சுமைக்கும் இதே நியாயம்தான். அதனால்தான் சுப்புலட்சுமி அம்மையார் அந்தப் பெண்களை அமைதிக்கு அழைத்துப் போகவில்லை. படிப்புக்கு அழைத்துப் போனார். ஒருவருக்கு எது ஆசிரமம் என்பது அவர் எதை விட்டு வருகிறார் என்பதைப் பொறுத்தது.

இது வரை சொன்னது, நாம் வீட்டிலிருந்து எதை எடுத்துக்கொண்டு போகிறோம் என்பது பற்றி. போகிற இடம் நம்மிடமிருந்து எதை எடுத்துக்கொள்கிறது என்பதும் உண்டு. இதற்கு அடையாறு ஒரு பாடம் வைத்திருக்கிறது. 1909இல் அடையாற்றுக் கடற்கரையில் பிரம்மஞான சபையார் ஒரு சிறுவனைக் கண்டார்கள். உலக குரு இவனே என்று நம்பினார்கள். அவனைத் தலைவனாக வைத்து 1911இல் ஒரு சங்கத்தையும் ஏற்படுத்தினார்கள். அந்த ஜே. கிருஷ்ணமூர்த்தி 1929 ஆகஸ்டு 3ஆம் தேதி, ஹாலந்து தேசத்தில் ஓம்மன் என்ற ஊரில், கூடியிருந்த அன்பர்கள் முன்னிலையில் அந்தச் சங்கத்தைக் கலைத்தார். தமக்குச் சீடர்கள் வேண்டாம் என்றார். சத்தியத்தை ஸ்தாபனம் ஆக்க முடியாது என்பது அவருடைய கட்சி. அவருக்கென்று கொடுக்கப்பட்டிருந்த ஒரு கோட்டையும் அதைச் சேர்ந்த நிலத்தின் பெரும்பகுதியும் கொடுத்தவரிடமே திரும்பிப் போயின. அப்போது அவருக்கு வயது முப்பத்து நான்கு.

அவரும் பிற்காலத்தில் பள்ளிக்கூடங்கள் வைத்தார்; அறக்கட்டளைகள் ஏற்பட்டன; அடையாற்றில் வசந்த விஹாரம் இருக்கிறது. மரங்களுக்கடியில் அவர் கடைசியாகப் பேசியது அங்கேதான், 1986 ஜனவரி 4ஆம் தேதி. ஸ்தாபனம் வேண்டாம் என்றவருக்கும் உட்கார்ந்து பேச ஒரு நிழல் வேண்டியிருந்தது. அதில் முரண்பாடு இருக்கலாம், கபடம் இல்லை. அவர் நமக்கு விட்டுப்போன அளவுகோல் ஒன்று உண்டு: உன்னுடைய புத்தியை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வா என்கிற இடத்துக்குப் போகாதே. செருப்பைக் கழற்றலாம். புத்தியைக் கழற்றினால் திரும்பி வரும்போது அது அந்த இடத்தில் இருக்காது.

நான் போயிருந்த ஓரிடத்தில் நன்கொடைக்குத் தகுந்தாற்போல் பந்தியில் வரிசை போட்டார்கள். முன்வரிசையில் பாயசம் இரண்டு தடவை வந்தது. கடைசி வரிசைக்கு வரும்போது பாத்திரம் காலி. மாலையில் அதே கூடத்தில் சமத்துவத்தைப் பற்றி அருமையான பிரசங்கம் நடந்தது. மறுநாள் காலை முதல் பஸ்ஸைப் பிடித்தேன். அந்த ஊருக்கு நான் செய்த யாத்திரையின் பலன், ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டதுதான்: பிரசங்க மண்டபத்தைவிட அடுக்களை நிஜம் பேசும்.

ஆகவே இப்போது என்னைக் கேட்கிறவர்களுக்கு நான் சில விஷயங்களைச் சொல்கிறேன். வாசலைப் பாருங்கள், நினைத்தபோது வெளியே வர முடிகிறதா, உறவினரோடு பேசாதே, சொத்தை எழுதிவை என்று யாராவது சொல்கிறார்களா? சொன்னால் அன்று சாயங்காலமே கிளம்பிவிடுங்கள். அடுக்களையைப் பாருங்கள், பரிமாறுகிறவனிடமும் பாத்திரம் தேய்க்கிறவளிடமும் எந்தக் குரலில் பேசுகிறார்கள்? உண்டியலைப் பாருங்கள், இல்லாதவனுக்கும் அதே பாய், அதே சாதம் கிடைக்கிறதா? திருவண்ணாமலையில் இன்றும் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் வாசலில் ஏழைகளுக்கும் சாதுக்களுக்கும் அன்னம் கொடுத்த பிறகுதான் உள்ளே இலை போடுகிறார்கள். தங்குகிறவர்களுக்கு இவ்வளவு என்று கட்டணம் இல்லை. முன்கூட்டி எழுதி அனுமதி பெற வேண்டும். அதுவும் சில நாட்களுக்குத்தான். ‘சில நாட்களுக்குத்தான்’ என்பதை நான் ஒரு நல்ல லட்சணமாகவே நினைக்கிறேன். வந்தவரை ஊருக்குத் திருப்பி அனுப்புகிற இடம் அவரைத் தனக்காக வைத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். வீட்டை விட்டு வந்துவிடுகிறேன் என்று சொன்ன எத்தனையோ பேரை மகரிஷியே அப்படித்தான் திருப்பி அனுப்பினார். வீட்டை விடுவதனால் மனம் கூட வராமல் இருந்துவிடாது என்பது அவர் கருத்து.

இதனால் இடம் என்பது ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. ரமணாசிரமத்துப் பழைய கூடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். செங்கம் சாலையில் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போகும். அது காதில் விழும். ஆனால் உள்ளே வராது. முன்பின் தெரியாத பத்துப் பேர் ஒருவரிடமிருந்து ஒருவர் எதையும் எதிர்பார்க்காமல் உட்கார்ந்திருக்கும்போது ஒரு நிசப்தம் உண்டாகிறது. அதை வீட்டுக் கூடத்தில் உண்டாக்குவது கடினம். வீட்டில் நாம் ஒவ்வொருவரும் மற்றவரிடம் எதையாவது எதிர்பார்த்துக்கொண்டே இருக்கிறோம், அதுதான் வீடு. சில நாள் அதிலிருந்து விலகியிருப்பது மனிதனுக்கு நல்லது, பெண்ணுக்கும் நல்லது.

மாமி போய்விட்டு வந்தார். மருமகளிடம் தாமே கேட்டார். அவள், “போய்ட்டு வாங்கோ அம்மா. ஆனா முழுசையும் நான் ஒருத்தி பண்ண மாட்டேன்” என்று பளிச்சென்று சொல்லிவிட்டாள். அந்தப் பதில்தான் காரியத்தைச் சுலபமாக்கியது. மத்தியானச் சாப்பாட்டுக்கு மெஸ்ஸில் சொல்லிவைத்தார்கள். பால் வாங்கிக் காய்ச்சி டிகாக்ஷன் இறக்குவது மாமாவின் பொறுப்பு என்று ஆயிற்று. முதல் நாள் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்ததாகக் கேள்வி. மாமி பத்து நாள் கேட்டார். ஆசிரமத்தில் கிடைத்தது நாலு நாள்.

“எப்படி இருந்தது மாமி?” என்று கேட்டேன்.

“மயில்தான் கத்திண்டே இருந்தது. ஆனா அது என்னைக் கூப்பிடலை” என்றார்.

இந்த வருஷம் தை மாதம் மாமா தம் மாத்திரைகளைத் தாமே பொட்டலம் கட்டிக்கொண்டார் என்று தெரிகிறது. அவர் போன தடவைகளையெல்லாம்விட இது பெரிய யாத்திரை என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆசிரமம் என்ற சொல்லுக்கு முனிவர் குடில் என்று ஓர் அர்த்தம். வாழ்க்கையின் நிலை என்று இன்னோர் அர்த்தம். பிரம்மசரியமும் ஓர் ஆசிரமம், சந்நியாசமும் ஓர் ஆசிரமம். நடுவில் இருக்கிற கிருகஸ்தமும் ஆசிரமம்தான். மற்றவர்களைத் தாங்குவது அந்த நிலையில் இருக்கிறவன். திருவள்ளுவர் இல்வாழ்க்கையை 5ஆம் அதிகாரமாக வைத்துவிட்டு, துறவை 35ஆம் அதிகாரத்துக்குத் தள்ளினார். முதலில் தாங்குகிறவனைப் பற்றிச் சொல்லிவிட்டுத்தான் தாங்கப்படுகிறவனைப் பற்றிப் பேசுகிறார்.

எனவே, எந்த ஆசிரமம் என்று கேட்கிற நண்பர்களே, போய் வாருங்கள். போவதற்கு முன்னால் ஒரு சீட்டில் எழுதிப் பாருங்கள்: எடுத்துக்கொண்டது எவ்வளவு, வைத்துவிட்டுப் போவது எவ்வளவு, கட்டாமல் நிற்கிற சம்பளம் யாருடையது? அந்தச் சீட்டை வீட்டில் ஒருவரிடம் கூச்சமில்லாமல் காட்ட முடிந்தால், தண்ணீர் சுத்தமாக வருகிற எந்த ஆசிரமமும் உங்களுக்குப் போதும்.